டோக்கியோவில் இறங்கி ஒசாகாவில் விமானம் ஏறு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் சின்னவன் அழுதுகொண்டே இருந்ததால் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளைகளின் கோடை லீவுக்கு ஜப்பான் போகப் போகிறோம், ஏழு நாளும் ரயிலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம் என்கிற பாஸ் எடுத்துவிடப் போகிறோம் என்றாயே, அந்த பாஸை மட்டும் இன்னும் வாங்காதே. இதைப் படித்துவிட்டு நீயும் மாப்பிள்ளையும் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள்.

போன வருஷம் நாங்கள் போனபோது செய்த தப்பை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவைக் கோபித்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன். எங்களுக்கு முன்னால் போய் வந்த சொந்தக்காரர் ஒருவர், பாஸ் எடுங்கள், அதுதான் லாபம் என்றார். அவர் போன காலத்தில் அது உண்மைதான். அப்போது ஏழு நாள் பாஸ் 29,650 யென். 2023 அக்டோபரில் அதை ஒரேயடியாக 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரரும் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கு ஒரு லட்சம் யென் கட்டினோம்.

ஊருக்கு வந்து ஒரு ராத்திரி நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போக வர, நடுவில் நாராவுக்கு ஒரு நாள், ஒசாகாவுக்கு ஒரு நாள். தனித்தனியாக டிக்கெட் வாங்கியிருந்தால் ஆளுக்கு 31,000 யென்னோடு முடிந்திருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து 38,000 யென் வீணாகப் போனது. உங்கள் அப்பா பென்ஷனில் மிச்சம் பிடித்த காசு அது. இன்னும் என் மனசு ஆறவில்லை. இத்தனைக்கும் அந்த பாஸை வைத்துக்கொண்டு நொசோமி என்ற மிக வேகமான புல்லட் ரயிலில் ஏறினால் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும். அதனால் அடுத்தடுத்து வந்த நொசோமிகளை விட்டுவிட்டு கொஞ்சம் மெதுவான ஹிகாரி வண்டிக்காகக் காத்திருந்தோம். கியோட்டோவுக்கு நொசோமியில் இரண்டேகால் மணி நேரம், ஹிகாரியில் இரண்டே முக்கால் ஆகிவிடும். தனி டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு இரண்டுக்கும் சில நூறு யென்தான் வித்தியாசம்.

சரி, உங்கள் கணக்கைப் போடுவோம். டோக்கியோ – கியோட்டோ நொசோமியில் இடம் பிடித்துப் போனால் உங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஏறக்குறைய 14,000 யென். பெரியவளுக்குப் பாதி, 7,000. சின்னவனுக்கு இன்னும் ஆறு ஆகவில்லை, தனி இடம் கேட்காமல் மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட்டே வேண்டாம். ஆக ஒரு வழிக்கு 35,000. பாஸ் எடுத்தால் பெரியவளுக்கு 25,000 சேர்த்து 1,25,000. போய் வந்தாலே 70,000தான் வருகிறது. ஹிரோஷிமா வரை போய் டோக்கியோ திரும்பினாலும்கூட ஆளுக்கு 45,000 சுமாருக்குத்தான் வரும். சின்னவன் இரண்டு மணி நேரம் மடியில் இருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் ஒரு அரை டிக்கெட் வாங்கிவிடு, அதில் போய் மிச்சம் பிடிக்காதே.

பணம் உண்மையில் மிச்சமாகும் இடம் விமான டிக்கெட்டில் இருக்கிறது. டோக்கியோவில் இறங்கி டோக்கியோவிலேயே ஏறுவதாகப் பார்க்காதே. போகும்போது டோக்கியோ, வரும்போது ஒசாகா பக்கத்தில் இருக்கும் கன்சாய் விமான நிலையம் என்று போட்டு விலை பார். வித்தியாசம் அந்தத் திரும்பும் ரயில் கட்டணத்துக்குள் இருந்தால் அதையே எடு. போன வழியே திரும்பாததால் பயணத்தில் அரை நாளும் மிச்சம். கியோட்டோவிலிருந்து ஒசாகாவுக்குப் புல்லட் ரயிலும் வேண்டாம், ஷின்-கைசொகு என்று ஒரு வேக வண்டி அரை மணிக்குள் கொண்டுபோய் விடும், 600 யென்கூட ஆகாது.

தேதி விஷயத்தில் கவனம். ஏப்ரல் 29 முதல் மே முதல் வாரம் வரை அங்கே தொடர் விடுமுறை, நம் ஊர் பொங்கல் கூட்டம்போல நாடே நகரும். அந்த நாட்களில் நொசோமி முழுவதும் முன்பதிவுதான். அதைத் தாண்டி, மே பத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியுமா பார். ஸ்டேஷன் கவுன்டரில் முன்பதிவு பயண நாளுக்கு ஒரு மாதம் முன்னால், அவர்கள் நேரம் காலை பத்து மணிக்குத் திறக்கும், நமக்கு ஆறரை மணி. ஸ்மார்ட் இஎக்ஸ் என்ற ஆப்பில் நீங்களே எடுக்கலாம். முன்கூட்டியே எடுத்தால் தள்ளுபடியும் உண்டு, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

டி, இ என்று இரண்டு இருக்கைகள் ஒரு பக்கம் வரும். டோக்கியோவிலிருந்து போகும்போது அந்தப் பக்கம் எடு. முக்கால் மணி நேரத்தில் வலது ஜன்னலில் ஃபூஜி மலை தெரியும். நாங்கள் போன அன்று மேகம் விலகி உச்சி மட்டும் வெள்ளையாக நின்றது. அப்பா அப்போது ஸ்டேஷனில் வாங்கிய சோற்று உருண்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும், அந்த வரிசையில் இழுத்தால்தான் கடல்பாசித் தாள் கிழியாமல் வரும். நடுவில் நாரத்தங்காய் ஊறுகாய்போல உப்பும் புளிப்புமாக ஒரு பழம். அதை மடியில் அப்படியே வைத்துவிட்டு மலை மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி விஷயம் மறந்துவிடப் போகிறேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் போகும் பெட்டி என்றால், அதை வைக்க இடமுள்ள கடைசி வரிசை இருக்கையைச் சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். தனியாகக் காசு இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்டச் சொல்வார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டால், பெட்டிகளை ஓட்டலிலிருந்தே ஓட்டலுக்கு அனுப்பிவிடு. தக்யூபின் என்று கேட்டால் போதும், மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். அந்தச் செலவு தகும். கியோட்டோவில் வண்டி ஒன்றிரண்டு நிமிஷம்தான் நிற்கும், அறிவிப்பு வந்ததுமே எழுந்து கதவருகே போய்விடுங்கள்.

மாப்பிள்ளை ராத்திரி பஸ்ஸில் போனால் இன்னும் குறையுமே என்பார். குறையும்தான். அவர் தனியாகப் போகும்போது போகட்டும்.

தேதி முடிவானதும் சொல். எங்களிடம் மீந்த நூறு யென் நாணயங்கள் நீல டப்பாவில் இருக்கின்றன, ஸ்டேஷன் லாக்கருக்கு ஆகும். அதோடு நடுவில் ஓட்டை போட்ட ஐந்து யென் நாணயம் ஆளுக்கு ஒன்று பிள்ளைகளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அடுத்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன்.

அம்மா