பறவைகளைப் பார்க்க ஒரு காலை வேளை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகளில் செய்முறை வகுப்புகள் பெயரளவுக்கு நடப்பது குறித்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். இளநிலை விலங்கியல் மாணவர்களுக்கு நெடுங்காலம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உயிரினங்களை அறுத்துக் கற்பிப்பதை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் அறிவித்தது சரியான முடிவே. ஆனால் தவளை போன இடத்துக்கு உயிருள்ள எதையும் நாம் கொண்டுவரவில்லை. படங்களும், செத்த உயிரினங்களை ஊறவைத்த பார்மலின் புட்டிகளுமே மிஞ்சின. பிடிக்காமல், துன்புறுத்தாமல், எந்த வளாகத்திலும் பார்க்கக் கிடைக்கும் பறவைகளே அந்த இடத்துக்கு உரியவை.

எங்கள் கல்லூரிக்குப் பின்னால் கிணற்றடிப் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும். ஒரு மாணவி பதினைந்து நாள் அதன் கீழே நின்று குறிப்பெடுத்தாள். ஆண் குருவி ஹெல்மெட் போலப் பாதிக் கூட்டைப் பின்னியதும் சிறகடித்து அழைக்கிறது. பெண் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அதற்குப் பிடிக்காத கூடு அரைகுறையாகவே காற்றில் ஆட, பிடித்த கூட்டை முடித்துக் கொடுத்த ஆண், பக்கத்திலேயே அடுத்ததைத் தொடங்கிவிடுகிறது. "குஞ்சுகளை யார் சார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று அவள் கேட்ட அன்றுதான் பாலினத் தேர்வு, அதாவது இணையைத் தேர்ந்தெடுப்பதன் வழியே நடக்கும் பரிணாமம், என்ற பாடம் அந்த வகுப்பில் உண்மையாகத் தொடங்கியது. இதே நடத்தையைத்தான் மகாராஷ்டிரத்தின் கிஹிம் கிராமத்தில் பறவையியலாளர் சாலிம் அலி 1930இல் கவனித்தார் என்று பிறகு சொன்னபோது, அவள் தன் குறிப்பேட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

சூழலியலும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்களின் எச்சம் படிந்த வண்டலை உழவர்கள் வயலுக்கு எடுத்துச் செல்வதைக் கண்ட மாணவனுக்குச் சத்துச் சுழற்சியைத் தனியே விளக்க வேண்டியதில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றை ஏறக்குறைய அழித்த கதையைவிட உணவுச் சங்கிலிக்கு வேறு நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தடை கால அட்டவணைதான். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடிந்ததும். நான் பணியாற்றிய கல்லூரியில் செய்முறை நேரமோ பிற்பகல் இரண்டு மணி. பலமுறை எழுதிக் கேட்டும் கிடைக்காமல், விடுமுறை நாட்களில் அழைத்துப் போனேன். பேருந்து இல்லாத ஊர்ப் பிள்ளைகள், குறிப்பாக மாணவிகள், விடுபட்டார்கள். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பாடத்திட்டக் குழுக்கள் வாரத்துக்கு ஒரு காலை வேளையை ஒதுக்கி, களக் குறிப்பேட்டுக்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வழங்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்த மாணவர்களின் பதிவுகளையும் அதில் ஏற்கலாம். ஒரு துறைக்குப் பத்து பைனாகுலர் இருந்தால் வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்,
திருநெல்வேலி.