கோட்டையைக் கட்டச் சொன்னவர் வீட்டில்

கோபன்ஹேகன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் அம்மா என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. அதனால் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

நம்ம தரங்கம்பாடிக் கோட்டைக்குக் காரணமான டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியானின் வீட்டைப் பார்த்துவிட்டேன். ரோசன்போர்க் அரண்மனை என்று பெயர், நகரத்துக்கு நடுவிலேயே இருக்கிறது. பெரிய ராஜகோபுரமும் தர்பாருமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சிவப்புச் செங்கல், கூரான கோபுரங்கள், ஒரு அகழி, அவ்வளவுதான். 1606-ல் ஊர் மதிலுக்கு வெளியே கோடையில் தங்க ஒரு வீடாக ஆரம்பித்திருக்கிறார். நம்ம பக்கம் துபாய்க் காசு வரவர மாடி எடுப்பார்களே, அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கட்டி முடிய 1630-கள் ஆகிவிட்டது. அதாவது 1620-ல் இவருடைய கப்பல்களின் தலைவர் ஓவ கெடே வந்து தஞ்சாவூர் ராஜா ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு நம்ம கடற்கரையில் கோட்டையை எழுப்பியபோது, இங்கேயும் கொத்தனார் வேலை ஓயவில்லை. கிறிஸ்டியான் இந்த வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். நம்ம கோட்டையைக் கடைசிவரை கண்ணால் பார்க்கவே இல்லை.

ராஜா இருந்த கீழ்த்தள அறைகள் சின்னவை, இருட்டானவை. குளிருக்கு அடக்கமாக இருக்கத்தான் போல. ஒரு அறையில் அவர் சாப்பிட உட்கார்ந்தால் தரைக்கு அடியிலிருந்து சங்கீதம் வருமாம். வாத்தியக்காரர்களை நிலவறையில் உட்கார்த்தி, சத்தம் மேலே வர வழி விட்டிருக்கிறார்கள். விருந்தாளிகள் அசந்துபோயிருப்பார்கள், சரி. அந்தக் குளிரில் கீழே உட்கார்ந்து வாசித்தவர்களின் விரல் என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொரு அறையில் ஒரு நாற்காலி. பார்க்கச் சாதாரண நாற்காலிதான். உட்கார்ந்தால் கைப்பிடியிலிருந்து இரும்பு வந்து பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் தண்ணீர் நனைத்துவிடும், எழுந்தால் ஊதல் சத்தம் கேட்கும். ராஜா வீட்டு விளையாட்டு! உட்கார்ந்தவர் சிரித்துத்தானே ஆகவேண்டும்.

ராஜா கோழை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1644-ல் சுவீடனோடு நடந்த கடற்போரில், அறுபத்தேழு வயதில், கப்பலில் நின்றபடி ஒரு கண்ணை இழந்திருக்கிறார். அன்று போட்டிருந்த சட்டை ரத்தக்கறையோடு கண்ணாடிக்குள் இருக்கிறது. கறை பழுப்பாக மங்கிவிட்டது. 1648-ல் இந்த அரண்மனையிலேயேதான் இறந்தார்.

நம்ம கோட்டைக்காரர்கள் பாடுதான் பாவம். 1639-க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருஷம் இங்கிருந்து அங்கே கப்பலே புறப்படவில்லை. அங்கே இருந்தவர்கள் தாங்களாகவே சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வறட்சி தீரும் சமயத்தில் இங்கே அரியணைக்குக் காவலாக மூன்று வெள்ளிச் சிங்கங்கள் செய்துகொண்டிருந்தார்கள். மாடியில் நீளமான மண்டபத்தில் அவை இன்னும் நிற்கின்றன. கிரீடங்களும் நகைகளும் நிலவறைக்குக் கீழே, கனமான கதவுக்குப் பின்னால். 1849-ல் ராஜாவின் தனி அதிகாரம் போனதிலிருந்து யாரும் கிரீடம் சூடுவதில்லை. ராஜா இறந்தால் சவப்பெட்டி மேல் வைக்க மட்டும் வெளியே எடுக்கிறார்கள். அம்மா கேட்பாள்: ஆமாம், நகையெல்லாம் அசல்தான். ராணி இப்போதும் விசேஷத்துக்குப் போட்டுக்கொள்கிறார்.

சுற்றியுள்ள தோட்டத்துக்கு டிக்கெட் இல்லை. ஒரு காலத்தில் ராஜாவின் சமையலுக்குக் காயும் பழமும் இங்கிருந்துதான் போயிருக்கின்றன. இப்போது வெயில் எட்டிப் பார்த்தால் ஊரே வந்து புல்லில் மல்லாந்து படுத்துவிடுகிறது. நாம் நிழல் தேடுவோம், இவர்கள் நிழலை விட்டு எழுந்து போகிறார்கள். லிண்டன் மரங்கள் வரிசையாக நிற்கும் இரண்டு நடைபாதைகளில் ஆளே இல்லை, நான் மட்டும் அங்கே உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தை முடித்தேன். பக்கத்திலேயே காவல்படை முகாம். கரடித்தோல் தொப்பி போட்ட சிப்பாய்கள் தினமும் பதினொன்றரைக்குக் கிளம்பி ராஜா இப்போது இருக்கும் அரண்மனைக்கு அணிவகுத்துப் போகிறார்கள்.

ரகுநாத நாயக்கர் நான்காம் கிறிஸ்டியானுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இங்கே ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க வழி உண்டா என்று அடுத்து விசாரிக்கவேண்டும். நீங்கள் சாயங்காலம் கோட்டைப் பக்கம் நடக்கப் போனால் கடல் பக்கச் சுவரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் தம்பியை. இங்கே கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு ஊர் இருப்பதே தெரியவில்லை, காட்டவேண்டும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஸ்வெட்டர் இரண்டு போதும், மேலும் பின்னவேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகன்