டிரெய்லருக்கு எழுதுகிற மகனுக்கு

ராசா,

நேற்று போனில் சரியாகவே பேச முடியவில்லை, அப்பா இடையிடையே புகுந்து வாடகை, இன்சூரன்ஸ் என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அதனால்தான் எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு மியூசிக் பேண்ட் ஆரம்பிக்கப் போகிறேன் என்கிறாய். நீ எழுதிய இசை அவ்வளவு பெரிய படத்தின் டிரெய்லரில் அதிர்கிறது, ஆனால் எழுதியது யார் என்று ஒரு ஜீவனுக்கும் தெரியாது. இந்த வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் ஊரில் டீசர் வந்தாலே இசையமைப்பாளர் பெயர் பெரிய எழுத்தில் வந்து நிற்கும். அங்கே ஹாலிவுட்டில் பெரும்பாலும் படத்துக்கு இசை எழுதி முடிப்பதற்கு முன்பே டிரெய்லரை கட் பண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள், அதனால் உங்களைப் போன்ற கம்பெனிகள் எழுதி அடுக்கி வைத்திருப்பதை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், கடைசியில் பொடி எழுத்தில் வருகிற பெயரும் படத்துக்கு எழுதியவருடையதுதான் என்று நீ சொன்னபோது, இது என்னடா நியாயம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

சரி, நீ கேட்கச் சொன்ன குளோபஸ் பேண்டைக் கேட்டேன். உன் வாதமே அவர்கள்தானே. யோஆவ் கோரென், ஜெஃப்ரி ஃபேமன் இரண்டு பேரும் 1993இல் கலிஃபோர்னியாவில் இம்மீடியட் மியூசிக் கம்பெனியை ஆரம்பித்து, டிரெய்லர்களுக்கென்றே எழுதிக் குவித்தார்கள். 2006இல் கோரென் அதே பாணி இசைக்கு வரிகள், பாடகர்கள், கித்தார், டிரம்ஸ் எல்லாம் சேர்த்து குளோபஸ் என்ற பெயரில் ‘எபிகான்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அடுத்தது 2011இல்தான். இடையில் ஐந்து வருஷம், கவனித்தாயா? பேண்ட் சோறு போட்டிருந்தால் அவ்வளவு இடைவெளி இருந்திருக்காது என்று அப்பா சொல்கிறார். அது அவர் கணக்கு.

என் கணக்கு வேறு. இத்தனை வருஷம் சர்ச் கொயரில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடியவள் நான், அதனால் முதலில் கோரஸைத்தான் கேட்பேன். டிரெய்லரில் கோரஸ் லத்தீனில் முழங்கினால் நன்றாகத்தான் இருக்கிறது, யாருக்கும் அர்த்தம் தெரிய வேண்டியதில்லை, மேலே ஓடுகிற வசனத்தோடும் மோதாது. இரண்டரை நிமிஷம்தான். மெதுவாகத் தொடங்கி, ஏற்றி, படத்தின் பெயர் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சட்டென்று நிறுத்தி, ஒரே அடியாக அடித்து முடித்துவிடலாம். ஆனால் ஒரு ஆல்பம் முழுக்க அப்படியே போனால் கேட்கிறவளுக்கு மூச்சு முட்டுகிறது. ஒவ்வொரு பாட்டிலும் உலகம் அழியப் போகிறது, இல்லையென்றால் யாரோ அதைக் காப்பாற்றப் போகிறார்கள். ‘யூரோப்பா’ என்று ஒன்று, அஜின்கோர்ட், வாட்டர்லூ என்று ஐரோப்பாவில் நடந்த சண்டைகளின் பெயர்களை அடுக்கி, செத்தவர்களைப் பற்றிப் பாடுகிறது. வரிகள் போரைத் திட்டுகின்றன, இசையோ வாளை எடுத்துக்கொண்டு கிளம்பு என்கிறது. இரண்டும் ஒட்டவில்லை.

பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன். ஹாண்டெல் எழுதிய சரபாண்டை, அந்தக் காலத்து மெதுவான நடன மெட்டு அது, எடுத்து ஒன்று செய்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு அவருடைய ‘மேசியா’ பாடிப் பாடி அந்த மனிதர் எங்கள் வீட்டு ஆள் மாதிரி, என்ன பாடு படுத்தியிருப்பார்களோ என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். அந்த மெட்டு ஏற்கெனவே நிறுத்தி நிறுத்தித்தான் நடக்கும், அதனால் எவ்வளவு டிரம்ஸ் போட்டாலும் தாங்குகிறது. அப்புறம் லிஸ்பெத் ஸ்காட் பாடியது. டிரெய்லரில் வசனத்துக்காக ஒதுங்கிக் கொடுக்கிற இடம் இருக்கிறதே, அங்கே இப்போது ஒரு குரல் வந்து நிற்கிறது, மற்றதெல்லாம் அவளுக்கு வழிவிடுகிறது. பாட்டு என்று சொல்ல முடிகிறது. ஒரு பேண்டுக்கு உண்மையில் தேவைப்பட்டது இதுதான், எண்பது பேர் கோரஸ் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோரென் பேண்ட் ஆரம்பித்தபோது கம்பெனியை விட்டுவிட்டு வரவில்லை. அப்போது கம்பெனியே அவரும் ஃபேமனும் ஆரம்பித்தது, அதில் எழுதிய இசையும் கம்பெனியுடையது, அதனால் பழைய மெட்டை எடுத்து எப்படி வேண்டுமானாலும் பாட்டாக மாற்றிக்கொள்ள முடிந்தது, கேட்க ஆளில்லை. உன் கதை வேறு. நீ போட்ட இசையின் உரிமையை எல்லாம் உன் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிட்டதாகத்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறாய்? உன் டிரம்ஸ் ஒரு ஃபைல், வயலின் ஒரு ஃபைல், கோரஸ் ஒரு ஃபைல் என்று தனித்தனியாக வாங்கி வைத்திருக்கிறார்கள், வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டிக்கொள்ளட்டும். ஆனால் அதே மெட்டை நீ மேடையில் வாசித்தால் நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும். வேலையை விடுவதற்கு முன்னால் அந்த ஒப்பந்தத்தை ஒழுங்காகத் தெரிந்த ஒருவரிடம் காட்டு. பேண்டுக்கு என்று புதிதாக எழுது, சனி ஞாயிறில் எழுது.

டிரெய்லருக்கு இசை எழுதுகிற இன்னொரு கம்பெனி, டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் ஹெல்லையும் பார். அவர்களும் 2006இல் ஆரம்பித்து, சினிமாக்காரர்களுக்கு மட்டும் ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். ஜனங்கள் டிரெய்லரில் கேட்டுவிட்டு இது யாருடையது, எங்கே கிடைக்கும் என்று தேடித் தேடிக் கேட்ட பிறகு, 2010இல்தான் எல்லோரும் வாங்குகிற மாதிரி ஒன்றை வெளியிட்டார்கள். பெயர் தெரிய நாலு வருஷம் ஆனது, அதுவரை பிழைப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பேண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்பாதான் சொல்கிறார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் பாட்டை ஒரே ஒரு குரலும் உன் பியானோவும் வைத்து எனக்கு அனுப்பு. டிரம்ஸ் வேண்டாம், கோரஸ் வேண்டாம். அது நின்றால் மேலே எத்தனை பேரை வேண்டுமானாலும் ஏற்று. கோரஸ் எழுதுகிற அன்றைக்கு ஆல்ட்டோவுக்கு ஒரே சுரத்தைக் கொடுத்து எட்டு தாளக்கட்டு இழுக்க விடாதே, டிரெய்லர்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறீர்கள்.

ஒப்பந்தத்தை யாரிடம் காட்டினாய் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்பேன்.

அம்மா
பாளையங்கோட்டை