ஊசி போடும் முன் ஒரு சோதனை: தோட்ட நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு அடுத்து, தோட்டத்தில் நம் டிவிஷனில் இன்னொரு அக்காவுக்கும் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். அம்மாவைப் போலவே அவரும் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். கால் வீங்கியபோது, "நாள் பூரா நிக்கிறீங்க இல்ல, அதான்" என்று டிஸ்பென்சரியில் வலி ஊசி போட்டு அனுப்பினார்களாம். அம்மாவுக்கும் இதையேதான் சொன்னார்கள். நேரில் வந்து பேசியதில் ஒன்றும் நடக்காததால் இப்போது எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் வருடம் ஒரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), சிறுநீரில் புரதம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதைப் பார்க்காமல் வலி மாத்திரையும் ஊசியும் மாதக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

ஊசியால்தான் அம்மாவின் சிறுநீரகம் போனது என்று நான் சொல்லவில்லை. கோவை டாக்டர் பிரஷர்தான் காரணமாக இருக்கும் என்றார். எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டார். அளந்திருந்தால்தானே தெரியும்? சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது வலிக்காது. ஏறக்குறைய பாதி வேலை நின்ற பிறகுதான் பலருக்குக் கிரியேட்டினினே ஏறும், சிறுநீரில் புரதம் பலருக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்போதே பிடித்து பிரஷரையும் சர்க்கரையையும் அடக்கினால் டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடலாம், சிலருக்கு அது தேவைப்படாமலே போகலாம். கடைசிக் கட்டத்தில் பிடித்தால் ரத்தம் குறைகிறது, எலும்பு வலுவிழக்கிறது, மூச்சு வாங்குகிறது, பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம்.

அம்மாவுக்கு டயாலிசிஸ் இடம் கிடைத்தது கோவையில். விடியும் முன் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் படுத்து எழுந்ததும் பிரஷர் இறங்கிவிடும், காலில் தசை பிடித்து இழுக்கும். அந்த உடம்போடு மறுபடி மலை ஏறும் பஸ். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து பிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். விரல் வைத்தால் தோலுக்கடியில் ரத்தம் கிறுகிறுவென்று ஓடுவது தெரியும். அந்தக் கையில் பை மாட்டக் கூடாது, அழுத்தம் படக் கூடாது, பிரஷர் கூடப் பார்க்கக் கூடாது. சீட் கிடைக்காத நாளில் ஒரே கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிஸ்டுலா கையை நெஞ்சோடு அணைத்தபடி வளைவுக்கு வளைவு சாய்ந்து நிற்பார். தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்க முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்த பாட்டில், அதில் பாதி மாத்திரை விழுங்கவே போய்விடும்.

இந்த அம்மா வேலைக்குப் போன காலத்திலும் தண்ணீர் குடித்ததில்லை. கொழுந்து பறிக்கும் தேயிலைக் காட்டில் கழிப்பறை கிடையாது என்பதால்தான். எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான், காலையில் ஒரு டம்ளர் டீயோடு போய் மதியம் வரை அடக்கிக்கொள்வார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோபெனாக் மாதிரி வலி மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைத்துவிடும். குடிநீர், கழிப்பறை, மருத்துவம் மூன்றும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அந்தச் சட்டம் வந்தபோது என் பாட்டி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். பேத்தி எழுதும் கடிதத்திலும் அதே மூன்றுதான். ஒரு நாள் பறித்த கொழுந்தின் எடை குறைந்தால் உடனே கேட்கத் தெரிகிறது, ஒரு பெண் ஏன் மெலிந்துபோகிறாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிஸ்பென்சரி நர்ஸம்மா மேல் எனக்குக் குறை இல்லை. அவரிடம் இருக்கும் மருந்தைத்தான் அவர் தர முடியும். சிறுநீரில் புரதம் பார்க்கும் சோதனைப் பட்டையும் ஒழுங்காக வேலை செய்யும் பிரஷர் கருவியும் வாங்கிக் கொடுங்கள். கிரியேட்டினினுக்கு ரத்தம் எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி அனுப்பலாம். ரிசல்ட் வந்தால் சீட்டை மட்டும் கையில் கொடுத்துவிடாமல், அது என்ன எண், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

வருடம் ஒரு முறைதான் கேட்கிறோம். இந்த வருடச் சோதனைக்கான தேதியை அடுத்த சம்பள நாளுக்குள் காலையில் பெயர் கொடுக்கும் மஸ்டர் கொட்டகையில் ஒட்டும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தொழிலாளியின் மகள்
கோத்தகிரி வட்டம்