மலையேறி வந்த புயலும் வராத பனியும்

ராலே, வட கரோலினா
20 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில், "புயல் எப்போது வரும் என்று காத்துக்கிடக்கிற ஆட்களோடா சேர்ந்திருக்கிறாய்?" என்று கேட்டீர்கள். உங்கள் குரலில் வருத்தம் தெரிந்தது. அவசரத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நிதானமாக எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

இவர்கள் ஆசைக்காக வானிலையைக் கவனிக்கிறவர்கள், யாரும் வானிலை படித்தவர்கள் இல்லை அப்பா. என் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் பெரியவர் ஒருவர், அவருடைய சிநேகிதர்கள் நாலைந்து பேர், அவ்வளவுதான். நம் பக்கம் சைக்ளோன் என்பதைத்தான் இங்கே ஹரிக்கேன் என்கிறார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அதற்கான காலம். மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று நாளுக்கு நான்கு அறிக்கை விடும். இரவு 11 மணி அறிக்கையைப் பார்க்காமல் பெரியவர் படுப்பதில்லை. புயலின் பாதையைக் கணிக்கும் கணினி மாடல்களில் அமெரிக்க மாடல் ஒரு பாதை போடும், ஐரோப்பிய மாடல் இன்னொன்று போடும். இரண்டும் நெருங்கி வரும்வரை எந்த ஊரின் பெயரையும் சொல்லக்கூடாது என்பது அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

ஹெலீன் புயல் செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவில் கரையைக் கடந்தது. காற்றின் வேகத்தை வைத்துப் பிரிக்கும் ஐந்து வகையில் நான்காம் வகைப் புயல். அங்கிருந்து எங்கள் மாநிலத்தின் மேற்கு மலைகளுக்குப் பல நூறு கிலோமீட்டர். கடலே கண்ணில் படாத ஊர்களுக்குப் புயலால் என்ன வரும் என்றுதான் நானும் நினைத்தேன். பெரியவர் இரண்டு நாள் முன்பே காற்றை விட்டுவிட்டு மழைக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். புயல் வந்து சேருவதற்கு முன்பே அங்கே கனமழை பிடித்துவிட்டது. மண் ஊறிப்போயிருந்தது. அதன் மேல் புயலின் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறினால், இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் போகும். 1916இல் அங்கே வந்த பெருவெள்ளத்துக்கு இணையாக இருக்கலாம் என்று வானிலைத் துறையும் முன்கூட்டியே எச்சரித்தது. அந்த மலைகளில் பூசிக் என்ற இடத்தில் சில நாட்களில் 78 செ.மீ. மழை. எங்கள் மாநிலத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த மலைப்பகுதியின் ஆஷ்வில் ஊரில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று நேற்று முன்தினம்தான் அறிவித்தார்கள். நாட்டின் வானிலைப் பதிவுகளைக் காக்கும் மையமே அந்த ஊரில்தான் இருக்கிறது. அதுவும் முடங்கிப்போனது.

அந்த வாரம் பெரியவர் அதிகம் பேசவில்லை. "எண் சரியாகத்தான் வந்தது. அந்த எண் ஒரு வீட்டு வாசலில் எப்படி நிற்கும் என்று சொல்லத் தெரியாமல் போய்விட்டது" என்றார். எனக்கு இன்றுவரை அது மனதை விட்டுப் போகவில்லை.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அடுத்து மில்டன் என்ற புயல். விமானத்தில் புயலின் கண்ணுக்குள்ளேயே போய், பாராசூட் கட்டிய சிறு குழாய்க் கருவிகளைப் போடுகிறார்கள். அது விழுந்துகொண்டே அழுத்தத்தையும் காற்றையும் சொல்லும். அழுத்தம் குறையக் குறையப் புயல் வலுக்கும். அக்டோபர் 7 அன்று அழுத்தத்தின் எண்கள் இறங்கிக்கொண்டே போயின. காற்று மணிக்கு 290 கி.மீ. மயாமி தொலைக்காட்சியின் மூத்த வானிலையாளர் ஜான் மொராலிஸ், பத்து மணி நேரத்தில் அழுத்தம் 50 மில்லிபார் குறைந்துவிட்டது என்று சொல்லும்போதே குரல் உடைந்து நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த 50 என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும் அப்பா, அதனால்தான். 9ஆம் தேதி இரவு ஃபுளோரிடாவின் சியெஸ்டா கீயில் கரையேறியபோது மூன்றாம் வகையாகக் குறைந்திருந்தது. எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட அன்று மகிழ்ச்சியாக இல்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் முக்கியமாக எழுதுகிறேன்.

அவர்கள் ஆசையோடு காத்திருப்பது பனிப்பொழிவுக்கு. 2022 ஜனவரிக்கு அப்புறம் ராலேயில் அளக்கும்படி பனி விழவில்லை. இந்த வருடம் பசிபிக் கடலின் நடுப்பகுதி குளிர்ந்து லா நினா வரும் என்கிறார்கள். அப்படியானால் வானில் வெகு உயரத்தில் ஓடும் காற்றோட்டம் வடக்கே ஒதுங்கி, எங்கள் பக்கம் குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போவதற்கே வாய்ப்பு அதிகம். அக்டோபரில் வந்த அரசு முன்னறிவிப்பும் அதையே சொன்னது. ஆனால் இவர்கள் நம்பிக்கையை விடவில்லை. கிரீன்லாந்து மேல் உயர் அழுத்தம் ஒன்று வந்து உட்கார்ந்தால் வடதுருவக் குளிர் இங்கே இறங்கிவிடும். அதை இரண்டு வாரத்துக்கு முன்னால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

குளிர் வந்தாலும் இந்த ஊரில் பனி நிச்சயமில்லை. மேற்கே இருக்கும் மலைத்தொடர் குளிர்ந்த காற்றைத் தரையோடு அடைத்து வைக்கும், அதற்கு மேலே தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று ஏறும். நடுவில் ஒரு டிகிரி கூடினால் பனி உருகி, கீழே வந்து மரத்திலும் கம்பியிலும் பட்டு உறைந்துவிடும். அந்த உறைமழையில் கிளைகள் முறியும், மின்சாரம் போகும். அதை யாரும் விரும்புவதில்லை. 2000 ஜனவரியில் முந்தைய நாள் மாலை வரை பெரிதாக எதிர்பார்ப்பு இல்லாமல் இருந்து, விடிந்தபோது ஊரே புதைந்து கிடந்ததாம். மொத்தம் 20.3 அங்குலம், அதாவது அரை மீட்டருக்கு மேல். இன்னும் அதுதான் ராலேயின் சாதனை. பெரியவர் அந்த இரவைப் பற்றிச் சொல்லும்போது சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவார்.

அப்புறம் ஒரு சேதி. நானும் கோகோராஸ் என்ற மழை அளக்கும் தன்னார்வக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். 1997இல் கொலராடோவில் ஓர் ஊரைத் திடீர் வெள்ளம் அடித்தது. ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு மழை எவ்வளவு மாறுகிறது என்று அப்போதுதான் புரிந்து, மறுவருடம் இதைத் தொடங்கினார்கள். நாலு அங்குல அகலக் குழாயைத் தோட்டத்தில் நட்டிருக்கிறேன். காலை 7 மணிக்குப் பார்த்து அனுப்ப வேண்டும். மழையே இல்லாவிட்டாலும் பூஜ்யம் என்று பதிய வேண்டும், விட்டுவிடக்கூடாது. டைரியில் மழை பெய்த நாளை மட்டும் நீங்கள் குறித்து வைப்பீர்கள், இங்கே பெய்யாத நாளுக்கும் கணக்கு.

பனியின் உயரத்தை அளக்க வெள்ளைப் பெயின்ட் அடித்த பலகை ஒன்றையும் பெரியவர் கொடுத்திருக்கிறார். புல் மேல் வைத்தாயிற்று. அங்கே பருவமழை எப்படி? டைரியில் இந்த மாதம் குறித்த தேதிகளை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், பெரியவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். குளிருக்குக் கம்பளி வாங்கிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்
உங்கள் மகள்