சனிக்கிழமை தொங்கும் பேய் செய்கிறோம்

வணக்கம். ஒக்டோபர் 31 ஹலோவீனுக்கு நம் தெரு வாசல்களில் தொங்கவிட இந்த முறை பேய்களை நாமே செய்வோம். சனி மாலை 4 மணிக்குப் பிள்ளைகளோடு எங்கள் கராஜுக்கு வாருங்கள்.

வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவில் கலந்து, சல்லாத்துணியை அதில் நனைத்து, போத்தல் மேல் நிறுத்திய பலூனில் போர்த்த வேண்டும். ஓரிரவு காய்ந்ததும் பலூனை உடைத்தால் துணி தலை வடிவத்திலேயே விறைத்து நிற்கும். பிள்ளைகளுக்கு அந்த நேரம்தான் கொண்டாட்டம்! அப்புறம் தங்கூசியில், அதாவது நிறமில்லா நைலோன் நூலில் கட்டுங்கள். இருட்டில் நூல் தெரியாது, பேய் மிதப்பது போலவே இருக்கும்.

ஒக்டோபர் கடைசியில் ஸ்காபரோ மழையை நம்ப முடியாது, நனைந்தால் பசை இளகிவிடும். அதனால் கூரைக்குக் கீழேயே தொங்கவிடுங்கள். பேய்க்கு உள்ளே மெழுகுதிரி வேண்டவே வேண்டாம், பற்றரி விளக்கு மட்டும். செயற்கைச் சிலந்தி வலையை மரங்களில் விரிக்காதீர்கள், குருவிகள் சிக்கிக்கொள்ளும்.

பசையும் பலூனும் என்னிடம் உண்டு. துணி கொண்டு வாருங்கள்.