கரண்ட் வைப்பதற்கு முன் உங்கள் கையைத் தூக்கிப் பார்க்கச் சொல்வது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் உள்ள நம் பிசியோதெரபி நிலையத்துக்குத் தோள்வலியோடு வருகிறவர்களில் பலர், நாற்காலியில் உட்காரும்போதே "பத்து நாள் கரண்ட் வைத்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்கிறார்கள். வலியைத் தணிக்க லேசான மின்சாரம் செலுத்தும் சிகிச்சையைத்தான் கரண்ட் என்கிறோம். சென்ற மாதத்திலிருந்து நாங்கள் அப்படி உடனே அந்த மெஷினை எடுப்பதில்லை. முதல் நாள் முக்கால் மணி நேரம் கேள்வியும் சோதனையுமாகப் போகிறது. பிறகு பயிற்சி சொல்லித் தருகிறோம். தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கரண்ட். இதில் சிலருக்கு மனவருத்தம். "காசும் வாங்கிக்கொண்டு எங்களையே வேலை செய்யச் சொல்கிறீர்களே" என்று ஓர் அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டார். கேட்டது நியாயம்தான். அவருக்குச் சொன்ன பதிலை எல்லாருக்கும் எழுத்திலேயே தந்துவிடலாம் என்று இந்த மடல்.

சில ஆண்டுகளுக்கு முன் காசிமேட்டிலிருந்து மீன் கூடை சுமக்கும் அக்கா ஒருவர் வலது தோள்வலி என்று வந்தார். பன்னிரண்டு நாள் கரண்ட் வைத்தோம், ஒத்தடம் கொடுத்தோம். ஒவ்வொரு நாளும் போகும்போது "இப்போது தேவலை" என்பார். இரவு வலி திரும்பிவிடும். பன்னிரண்டாம் நாள்தான் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: மூன்று மாதமாகத் தலை பின்னி விடுவது அவருடைய மகள்தானாம், ரவிக்கை மாட்டி விடுவதும் மகள்தானாம். கையை அசைத்தால் வலி கூடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு, கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்திருக்கிறார். சர்க்கரை பார்த்தீர்களா என்று அப்போதுதான் கேட்டோம். பார்த்ததே இல்லை. பார்த்தபோது மிக அதிகமாக இருந்தது. அந்தத் தோள் ஓரளவு திறக்க ஓராண்டுக்கு மேல் பிடித்தது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய இரண்டு கேள்விகளை நாங்கள் பன்னிரண்டு நாள் கழித்துக் கேட்டோம். அந்தக் குறை எங்களுடையது. இப்போது முதல் நாள் உங்களை இத்தனை கேள்வி கேட்பதற்குக் காரணமும் அதுதான்.

தோள் எப்படிப்பட்ட மூட்டு என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லில் குழவி உட்கார்ந்திருப்பதைப் போன்றது. ஆழமான குழி, அசைந்தாலும் எளிதில் கழன்று வராது. தோள் அப்படியில்லை. சின்னத் தட்டின் மேல் ஆரஞ்சுப் பழத்தை நிறுத்தி வைத்ததைப் போல, பெரிய உருண்டை ஒன்று ஆழமில்லாத குழியின் மேல் நிற்கிறது. அதனால்தான் கையைத் தலைக்கு மேலே தூக்கவும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவும் முடிகிறது. அந்த உருண்டையை இடத்தில் பிடித்து வைத்திருப்பவை முக்கியமாக நான்கு சிறிய தசைகளும் அவற்றை எலும்போடு இணைக்கும் நாண்களும். டாக்டர்கள் ரொட்டேட்டர் கஃப் என்று எழுதித் தருவது இவற்றைத்தான். அடிபம்பு அடிப்பது, மூட்டை ஏற்றுவது, இஸ்திரிப் பெட்டியை நாள் முழுக்கத் தள்ளுவது, பரோட்டா மாவை வீசுவது, வலை இழுப்பது என்று இந்தப் பக்கத்து வேலைகள் பலவும் கடைசியில் இந்த நான்கு நாண்களின் மேல்தான் வந்து விழுகின்றன.

கையை முழுக்கத் தூக்கினால் 180 டிகிரி. அதில் ஏறக்குறைய 120 டிகிரிதான் தோள் மூட்டின் வேலை. மீதி 60 டிகிரி, முதுகுப்பக்கம் இருக்கும் தோள்பட்டை எலும்பு சுழன்று தருவது. நீங்கள் கையைத் தூக்கும்போது நாங்கள் பின்னால் போய் நின்று பார்ப்பது இதற்காகத்தான். தோள்பட்டை எலும்பு சரியாகச் சுழலாவிட்டால், மூட்டும் நாணும் தங்கள் பங்குக்கு மேல் உழைக்க வேண்டியிருக்கும். கூன் போட்டு உட்கார்ந்தபடி கையைத் தூக்கிப் பாருங்கள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து தூக்கிப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும். மணிக்கணக்கில் குனிந்து தைக்கும் தையற்காரர்களிடம் இந்தச் சோதனையை முதலிலேயே செய்து பார்த்துவிடுகிறோம்.

எங்களிடம் வரும் தோள்வலியில் பெரும்பகுதி இரண்டு வகைக்குள் அடங்கும். ஒன்று நாண் சம்பந்தப்பட்டது. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி வழியில் சுரீர் என்று வலிக்கும். அந்தக் கட்டத்தைத் தாண்டினால் வலி குறையும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலையும். வலி பெரும்பாலும் தோளின் உச்சியில் இருக்காது. சட்டைக் கை முடியும் இடத்தில், மேற்கையின் வெளிப்புறத்தில் இருக்கும். பழக்கமில்லாத வேலையை ஒரே நாளில் அதிகமாகச் செய்ததோ, ஒரே வேலையை ஓய்வில்லாமல் செய்ததோ காரணமாக இருக்கலாம். வயது ஏற ஏற நாண் தேய்வதும் உண்டு. இங்கே ஒரு பயத்தைப் போக்கியாக வேண்டும். ஸ்கேனில் "கிழிசல்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆபரேஷன்தான் என்று கண்கலங்கி வருகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், வலியே இல்லாதவர்களில்கூடப் பலருக்கு நாணில் கிழிசல் இருக்கும். மெல்ல மெல்லத் தேய்ந்து வந்த கிழிசல் உள்ள பலருக்கு, மற்ற தசைகளை வலுப்படுத்துவதே போதுமானதாக இருக்கிறது. கீழே விழுந்தோ கனத்தை வெடுக்கென்று தூக்கியோ அந்தக் கணத்திலிருந்து கையைத் தூக்கவே முடியாமல் போனால் அது வேறு கதை; அதைத் தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இரண்டாவது, தோள் இறுகிப்போவது. ஃப்ரோஸன் ஷோல்டர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் 1934-இல் வைத்த பெயர் அது. மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கி, தடித்து, சுருங்கிவிடுகிறது. 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்களுக்கே பெரும்பாலும் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வருவதுண்டு. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே தெரியும். அதனால் "படத்தில் ஒன்றும் இல்லையாம், வாயுவாம்" என்று ரசத்தில் பூண்டைக் கூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். உறையின் சுருக்கம் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது என்பதுதான் விஷயம்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வையுங்கள். உள்ளங்கை உள்பக்கம் பார்க்கட்டும். முழங்கை விலாவை விட்டு நகராமல், கதவைத் திறப்பதைப் போல முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். நல்ல கை எவ்வளவு போகிறது, வலிக்கிற கை எவ்வளவு போகிறது என்று பாருங்கள். பிறகு வீட்டில் இன்னொருவரை அந்தக் கையை மெதுவாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பினாலும் போகவில்லை, அவர் திருப்பினாலும் சுவரில் முட்டியதைப் போல நின்றுவிடுகிறது என்றால் உறை இறுகியிருக்கக்கூடும். அவர் திருப்பும்போது போகிறது, நீங்களாகச் செய்யும்போது வலியோ பலக்குறைவோ தடுக்கிறது என்றால் நாணின் பக்கம் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது வலி கூடி, முழங்கைக்குக் கீழே இறங்கி, விரல்களும் மரத்துப்போகின்றன என்றால் தோளை விட்டுவிட்டுக் கழுத்தைச் சோதிக்க வேண்டியிருக்கும். இது முடிவான சோதனை இல்லை. ஆனால் இதைச் செய்து பார்த்துவிட்டு வந்தால் எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும்.

இனி கரண்ட். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. வலியைச் சில மணி நேரம் தணிக்கும்; அந்த இடைவெளியில் பயிற்சி செய்வது சுலபமாகும். ஆனால் சுருங்கிய உறையை அது நீட்டிக் கொடுக்காது, பலமிழந்த தசைக்குப் பலம் தராது. அந்த இரண்டும் கை அசைந்தால்தான் நடக்கும்.

அதற்காக முரட்டுத்தனமாக இழுப்பதும் கூடாது. தோள் இறுகுவதன் முதல் சில மாதங்களில் வலியே பெரிதாக இருக்கும். அப்போது யாராவது "சுளுக்கு எடுக்கிறேன்" என்று கையை மளுக்கென்று இழுத்தால் வீக்கமும் வலியும் கூடித்தான் போகும். அந்தக் கட்டத்தில் நாங்கள் தருவது ஊஞ்சல் பயிற்சி. நல்ல கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து, வலிக்கிற கையைக் கிணற்றுக் கயிறு மாதிரி தொங்கவிட வேண்டும். உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாகச் சின்ன வட்டம் போடும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை. மருத்துவர் மூட்டுக்குள் ஊசி போடச் சொன்னால் இந்தக் கட்டத்தில் அது பலருக்கு நல்ல நிம்மதி தரும். ஸ்டீராய்டு ஊசி சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றக்கூடும் என்பதால், சர்க்கரை இருப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சும்போது விரல்களால் சுவர் ஏறச் சொல்கிறோம். நம் நிலையத்தின் உள்கதவுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். பென்சில் கோடுகளும் தேதிகளுமாக இருக்கும். சுண்ணாம்பு அடிக்க வந்தவர் அழிக்கப் பார்த்தார், நாங்கள் விடவில்லை. ஒருவருடைய விரல் முதல் வாரம் எட்டிய இடத்துக்கும் ஆறாவது வாரம் எட்டிய இடத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. அந்த ஒரு சாணில்தான் அலமாரியின் மேல்தட்டு டப்பாவை அவரே எடுக்கத் தொடங்கினார். தோள் இறுக்கம் விட ஓராண்டு முதல் மூன்று ஆண்டுகள்வரை ஆகலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாளுக்கு நாள் பார்த்தால் ஒன்றும் நடக்காததைப் போலத்தான் இருக்கும். அதனால்தான் கோடு போட்டு வைக்கிறோம்.

நாண் வலி உள்ளவர்களுக்கு ரப்பர் பட்டை தருகிறோம். முழங்கையை விலாவோடு வைத்து வெளிப்பக்கம் இழுப்பது, முதுகுப் பக்கம் தோள்பட்டைகளைச் சேர்த்து இழுப்பது என்று மெல்ல மெல்லப் பாரம் கூடும். மாற்றம் தெரிய பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கலாம், தவறில்லை. ஆனால் அன்று இரவு வழக்கத்தைவிட அதிகமாக வலித்துத் தூக்கம் கெட்டால் மறுநாள் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

தண்ணீர் பிடிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. லாரி வந்து நிற்கும்போது தோள்வலி என்று எந்த வீட்டில் உட்கார முடியும்? ஒரு குடம் நிறைந்தால் ஏறக்குறைய 15 கிலோ. முடிந்தவரை முக்கால் குடமாகப் பிடியுங்கள், உடம்போடு அணைத்துத் தூக்குங்கள், கையை நீட்டித் தூக்காதீர்கள். மாடி ஏற வேண்டுமென்றால் பாதியில் ஒரு படியில் வைத்துக் கை மாற்றிக்கொள்ளுங்கள். அடிபம்பை ஒரு கையால் அடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அடியுங்கள். இரவில் வலிக்காத பக்கம் படுத்து, வலிக்கிற கைக்குக் கீழே தலையணை ஒன்றை அணைத்துக்கொண்டால் தூக்கம் வரும்.

பக்கவாதம் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். பிடித்து நிறுத்தத் தசையில் பலம் இல்லாத தோள் அது. உருண்டை குழியிலிருந்து நழுவி, பிறகு எந்தப் பயிற்சிக்கும் கையைத் தொடவிடாத அளவுக்கு வலி வந்துவிடும். முதுகையும் இடுப்பையும் தாங்கித் தூக்குங்கள். உட்காரும்போது கைக்குக் கீழே தலையணை வையுங்கள்.

மணிக்கட்டில் மாவுக்கட்டோ புத்தூர்க் கட்டோ போட்டிருப்பவர்கள், கட்டுப் போட்ட மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தோளையும் விரல்களையும் தினமும் அசைத்து வாருங்கள். கட்டுப் பிரித்த பிறகு மணிக்கட்டு சரியாகித் தோள் இறுகி வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டோம்.

எங்களிடம் வரவே கூடாத தோள்வலியும் இருக்கிறது. இடது தோளிலோ கையிலோ வலி, கூடவே நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், அல்லது மாடிப்படி ஏறினால் வந்து நின்றால் குறைகிற வலி என்றால் அது இதயமாக இருக்கலாம். அந்த அறிகுறிகளோடு வலி வந்தால் 108-ஐ அழையுங்கள், ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்; எங்கள் படியேறி நேரத்தை வீணாக்க வேண்டாம். மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது தோள் உச்சியிலும் மேல்வயிற்றிலும் சேர்ந்து வலித்தால் பித்தப்பையைப் பார்க்கச் சொல்லி அனுப்புவோம். தோளை எவ்வளவு அசைத்தாலும் கூடாமலும் குறையாமலும் இருக்கிற வலியை நாங்கள் எப்போதும் மருத்துவரிடம் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

முதல் நாள் வரும்போது சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டும், சாப்பிடும் மாத்திரைகளும், எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதுவும் கொண்டு வாருங்கள். சர்க்கரை இதுவரை பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. கை தளர்வாக உள்ள சட்டையோ நைட்டியோ போட்டுக்கொண்டு வரலாம். பெண்களுக்குத் திரை மறைத்த அறையும் பெண் தெரபிஸ்டும் உண்டு. பத்து நாளைக்கு மொத்தமாக முன்பணம் வாங்குவதை நிறுத்திவிட்டோம். வருகிற நாளுக்கு மட்டும் கொடுத்தால் போதும். இனி பலருக்கு வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வந்து, மற்ற நாட்களில் வீட்டில் செய்தாலே போதுமானதாக இருக்கும். விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் வருகிறவர்களுக்காகக் காலை பதினொன்று முதல் ஒரு மணி வரையிலான நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம். பென்சில் சுவருக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கும்.

அன்புடன்,
உங்கள் பிசியோதெரபி நிலையத்தார்,
தண்டையார்பேட்டை